யோகக்ஷேமத்தை யார் சுமப்பது?



பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதியில் வாழும் ஓர் அன்பரின் இல்லத்தில் வியாழக்கிழமைதோறும் ஸத்சங்கம் நடைபெற்று வந்தது. அன்பர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். முதலில் இருபது பேர் வந்தார்கள். செல்வரான ஒரு பக்தர் செலவு முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டார். ஹார்மோனியம் வாங்கித் தந்தார். வெளியூரிலிருந்து சொற்பொழிவாளர்களை வரவழைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் சிற்றுண்டி அளித்தார். தொழில் காரணமாக அவர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தபின் கூட்டம் வாரத்துக்கு வாரம் குறைந்தது. எட்டு மாதம் கழித்து நான் சென்றபோது, வீட்டாரைத் தவிர நால்வர் மட்டுமே அமர்ந்திருந்தனர்.

பஜனை முடிந்ததும் அந்த அன்பர் மனம் வருந்திக் கேட்டார்: "சுவாமி, இதே தெருவிலிருந்து ஒரு குடும்பம் ஞாயிறுதோறும் ஒரு கிறிஸ்தவ சபைக்குப் போகிறது. அங்கே போதிப்பவருக்குச் சம்பளம் கிடையாதாம். யாரிடமும் பணம் கேட்பதில்லையாம். ஒரு வீட்டின் கூடத்தில் தொடங்கியது, இன்று எங்கெங்கோ கிளைத்திருக்கிறது. நாமும் இறைவன் பெயரைச் சொல்லித்தானே கூடுகிறோம்? செலவு செய்தவர் ஒருவர் போனதும் நாம் ஏன் இப்படிக் கலைந்து போனோம்?"

நான் சற்றும் யோசிக்காமல் விடை கூறினேன்: "ஒரு ரசீதுப் புத்தகம் அச்சடித்துவிடுங்கள். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று சந்தா வைத்துவிட்டால் எல்லாம் சீராகிவிடும்."

அவர் தலையசைத்தார். ஆனால் ஆசிரமத்திற்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த விடை எனக்கே கசந்தது. அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று. அதன்பின் சில மாதங்கள், அவர் குறிப்பிட்டது போன்ற சபைகள் எப்படித் தோன்றின, எதை நம்பி வளர்ந்தன என்று தேடிப் படித்தேன். அதில் என் மனத்தில் நின்றவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒன்றை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். மீட்பு, அவதாரம், பிற சமயங்களின் நிலை ஆகியவற்றில் இந்தச் சபைகளின் கொள்கைக்கும் நம்முடைய கொள்கைக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. அதை மூடி மறைத்துப் பேசுவது நட்பாகாது. ஆனால் ஒரு சாதகன் எதைத் துறந்தான், எதை நம்பி நின்றான் என்று பார்க்கும்போது, அவன் எந்தக் கோயிலின் வாசலில் நின்றான் என்பது நமக்குத் தடையாக வேண்டியதில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுனின் பின்னணி இரண்டு வார்த்தை. 1898-இல் பெங்களூரைக் கொள்ளைநோய் சூறையாடியது. நெரிசலான பழைய தெருக்களிலிருந்து மக்களை வெளியே குடியேற்றும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. தண்டுப் பகுதியில் புதிய குடியிருப்புகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஃப்ரேசர் டவுன் அவற்றுள் ஒன்று. அதை அடுத்து ரிச்சர்ட்ஸ் டவுன். எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் வழங்குவது இது. 1909-இல் பெங்களூரில் மிதிக் சொசைட்டி என்ற ஆராய்ச்சிக் கழகம் தோன்றக் காரணமாக இருந்தவரும், நம் சேலம் மாவட்டத்தின் கெஜட்டியரைத் தொகுத்தவரும் இவரே. படைகளோடும் படைகளைச் சார்ந்த தொழில்களோடும் வந்து குடியேறிய தமிழர்கள் தண்டுப் பகுதி முழுவதும் நிறைந்திருந்தனர். இன்றும் அங்கே தமிழ் கேட்காத தெரு அரிது.

இந்த ரிச்சர்ட்ஸ் டவுனில், பாட்டரி சாலையில், கிளாரன்ஸ் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. ஆல்ஃப்ரெட் ரெட்வுட், வால்ட்டர் ரெட்வுட் என்ற இரு உடன்பிறப்புகள் 1914-இல் அதை நிறுவினர். தாங்கள் இங்கிலாந்தில் பயின்ற பள்ளியின் பெயரையே இதற்கும் சூட்டினர். இவர்கள் பிரதரன் சபை என்று நம் நாட்டில் வழங்கும் 'சகோதரர்' இயக்கத்தைச் சேர்ந்த மிஷனரிகள். பெயரே அந்த இயக்கத்தின் கொள்கையைச் சொல்லிவிடுகிறது. அங்கே அபிஷேகம் பெற்ற குருமார் வகுப்பு என்று தனியாக ஒன்று இல்லை. ஞாயிறுதோறும் கூடி அப்பம் பிட்டு உண்பார்கள். கூடியிருப்பவர்களுள் சொல்லத் தகுதியுடையவர் எழுந்து சொல்வார். அவ்வளவுதான். நமது அன்பர் வியந்து பேசிய 'சம்பளமில்லாத போதகர்' என்ற வழக்கத்தின் ஊற்றைத் தேடிப் போனால், இந்த இயக்கத்தின் தொடக்க நாட்களுக்கும், அங்கிருந்து நேராக நம் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்கிறோம். எனக்கு இது எதிர்பாராத வியப்பு.

அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1795-இல் இங்கிலாந்தில் பிறந்தவர், பல் மருத்துவர். எக்ஸிட்டர் நகரில் அவருக்கு நல்ல வருமானம். முதலில் வருவாயில் பத்தில் ஒரு பங்கை அறத்துக்கு ஒதுக்கினார். பிறகு அது நாலில் ஒன்றாயிற்று. பிறகு தமக்கென்று சேர்த்துவைப்பதையே நிறுத்திவிட்டார். இயேசுவின் சொற்களுக்கு உரையெழுதி அவற்றின் கூர்மையை மழுக்காமல், சொன்னது சொன்னபடியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1825-இல் ஒரு சிறு நூலும் எழுதி வெளியிட்டார். பொருள் சேர்க்காதே என்றால் சேர்க்காதே என்பதுதான் பொருள். அதற்கு ஆறு விளக்கங்கள் எதற்கு என்பது அவர் கட்சி. (வேதாந்தம் படித்தவர்களாகிய நமக்கு, எந்தக் கட்டளைக்கும் ஆறு விளக்கங்கள் கண்டுபிடிக்கும் திறமை சற்று அதிகமாகவே உண்டு.)

முறைப்படி குருப்பட்டம் பெறுவதற்காக அவர் டப்ளின் நகரப் பல்கலைக்கழகத்தில் பயின்று வந்தார். ஒருமுறை அங்கே செல்வதற்கென்று வைத்திருந்த பணம் வீட்டில் களவு போயிற்று. வரி செலுத்துவதற்கென்று தனியே வைத்திருந்த பணமோ தப்பியது. அதை ஓர் அடையாளமாகவே அவர் எடுத்துக்கொண்டார். இறைவனைப் பற்றிப் பேச மனிதர் தரும் பட்டம் தேவையில்லை என்று முடிவு செய்து, 1829-இல் மனைவி மக்களோடு பாக்தாதுக்குப் புறப்பட்டார். எந்தச் சங்கமும் அவரை அனுப்பவில்லை. எந்த மாதச் சம்பளமும் அவருக்கு உறுதியளிக்கப்படவில்லை.

1831-இல் பாக்தாதில் கொள்ளைநோய் பரவியது. கூடவே வெள்ளமும் வந்து நகரின் வீடுகளைச் சாய்த்தது. அந்த ஆண்டு மே மாதம் அவருடைய மனைவி மேரி இறந்தார். சில மாதங்களில் கைக்குழந்தையும் போயிற்று.

இந்த இடத்தில் நான் நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். கீதை 'யோகக்ஷேமம்' என்ற ஒரு சொல்லை வழங்குகிறது. இல்லாததை அடைவிப்பது யோகம்; அடைந்ததைக் காப்பது க்ஷேமம். தன்னையே நினைப்பவர்களின் யோகக்ஷேமத்தைத் தானே சுமப்பதாக இறைவன் வாக்களிக்கிறான் என்று நாம் எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறோம்! அந்த வாக்கை நம்பிப் புறப்பட்ட ஒருவன் பாக்தாதில் மனைவியையும் குழந்தையையும் அடக்கம் செய்துவிட்டு நிற்கிறான். அவனிடம் போய் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் கூறுவது? நான் துறவி. எனக்கு அடுத்த வேளை உணவு எங்கிருந்து வரும் என்று ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. ஆசிரமத்து மணி அடித்தால் இலை போட்டிருக்கும். என் உடையின் நிறத்தைக் கண்டு என்னைத் தியாகி என்கிறார்கள். உண்மையில் யோகக்ஷேமத்தைப் பற்றி நான் பேசுவது, கரையில் நின்று நீச்சலைப் பற்றிப் பேசுவதுதான்.

குரோவ்ஸ் திரும்பிப் போகவில்லை. 1833-இல் இந்தியாவுக்கு வந்தார். தென்னாட்டில் பயணம் செய்தபோது திருநெல்வேலிப் பகுதியில் ஒரு தமிழ் இளைஞரின் தொடர்பு அவருக்கு ஏற்பட்டது. அவரே ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1810-இல் பிறந்தவர், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். தமிழில் நல்ல பழக்கமுடையவர். இவர் குரோவ்ஸின் உடன் பயணியாக இருந்து, பின்பு தாமே ஓர் இடத்தில் தங்கி ஊழியம் செய்ய விரும்பினார். குரோவ்ஸ் அவருக்கு ஒரு சம்பளம் தர முன்வந்தார். அக்காலத்தில் உபதேசியார்களுக்கு மிஷன்கள் சம்பளம் தருவது வழக்கமே. அதில் யாரும் குறை கண்டதில்லை.

அருளப்பன் மறுத்துவிட்டார்.

அவர் சொன்ன காரணத்தைக் குரோவ்ஸ் தம் கடிதத்தில் குறித்திருக்கிறார். சம்பளம் வாங்கினால், கூலிக்காகத்தான் இவன் போதிக்கிறான் என்று ஊரார் சொல்வதை நிறுத்தவே மாட்டார்கள் என்பதுதான் அது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கூலிக்கு மாரடிப்பவன் என்ற பெயர் தமக்கு வேண்டாம் என்றார். இதைச் சொன்னவர் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அல்லர். துரை ஒருவரின் ஆதரவு என்பது அந்நாளில் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் பாதுகாப்பு. அதைத்தான் அவர் வேண்டாம் என்று விலக்கினார்.

1840-இல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறத்தில் நிலம் எடுத்துக் கிறிஸ்தியான்பேட்டை என்ற சிறு குடியிருப்பைத் தோற்றுவித்தார். வெளிநாட்டார் யாரும் உடனிருந்து மேய்க்கவில்லை. அங்கிருந்தவர்கள் தாங்களே கூடினார்கள், தாங்களே அப்பம் பிட்டார்கள், உழுது பயிரிட்டார்கள், சுற்றியிருந்த சிற்றூர்களுக்கு நடந்து போனார்கள். அன்பர்கள் அனுப்பிய காணிக்கைகளை அருளப்பன் ஏற்றுக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பணத்தைத் தொடாத மனிதர் என்று அவரை மிகைப்படுத்தினால் அது அவருக்கு நாம் செய்யும் அநீதி. ஆனால் கொடைக்கும் கூலிக்கும் இடையே ஒரு கோடு உண்டு. கூலி முன்னதாகவே பேசி முடிக்கப்படுவது. கொடுப்பவன் முகம் கோணாதபடி பேசுவதற்கு அது நாவைப் பழக்கிவிடுகிறது. கொடையோ வரலாம், வராமலும் போகலாம். வராத மாதத்திலும் அதே சொல்லைச் சொல்ல முடிகிறதா என்பதுதான் சோதனை. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் அரண்மனையின் அழைப்பை விலக்கி உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்ததை நாம் போற்றுகிறோம். அவர் 1847-இல் சித்தியடைந்தபோது, தெற்கே இன்னொரு வழியில் இன்னொரு தமிழர் அதே கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

1860-இல் அருளப்பனின் மக்களிடையே பெரியதோர் எழுச்சி உண்டாயிற்று. 'எழுப்புதல்' என்று கிறிஸ்தவர்கள் அதைக் குறிப்பிடுவர். பாவத்தை நினைந்து அழுதவர்கள், ஆவியின் ஏவுதலால் பேசியவர்கள், வீட்டை விட்டு ஊர் ஊராகச் சென்று அறிவித்தவர்கள் பலர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். அதைக் கண்டு மகிழ்ந்த மிஷனரிகளும் இருந்தனர், ஐயுற்ற மிஷனரிகளும் இருந்தனர். உணர்ச்சிப் பெருக்கைப் பற்றி எனக்கும் ஐயங்கள் உண்டு. எல்லாக் கண்ணீரும் பக்தியாகிவிடாது. எனினும், யாருடைய ஆணையும் செலவும் இன்றி ஒரு மக்கள்கூட்டம் தானாக எழுந்து நடந்தது என்பது வரலாறு. அருளப்பன் 1867-இல் மறைந்தார்.

இனி, இதன் மறுபக்கம். சம்பளத்தை விட்டவர்களெல்லாம் வென்றுவிடுவதில்லை. குரோவ்ஸே அதற்குச் சான்று. 1836-இல் ஒரு குழுவினரை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்த அவர், அவர்களுக்குச் சோறு போடுவதற்காக மீண்டும் பல் மருத்துவம் பார்த்தார். பின்பு சித்தூருக்குச் சென்றார். மிஷன் தன் காலிலேயே நிற்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு நிலம் வாங்கி, முசுக்கொட்டைச் செடி பயிரிட்டுப் பட்டுப்பூச்சி வளர்க்க முனைந்தார். நஷ்டம் வந்தது. அதை ஈடுகட்டக் கடன் வாங்கினார். அந்தக் கடன் அவருடைய மன அமைதியை ஆண்டுக்கணக்கில் அரித்தது. கூலியின் கட்டிலிருந்து தப்பியவர் வாணிபத்தின் கட்டில் போய் மாட்டிக்கொண்டார். 1853-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், தம் தங்கையின் கணவர் ஜார்ஜ் முல்லரின் வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. தம் வாழ்வு தோற்றுவிட்டதாகவே அவர் எண்ணியிருக்கக்கூடும். அந்த முல்லரோ, குரோவ்ஸின் சிறுநூலால் தூண்டப்பெற்று, யாரிடமும் கைநீட்டாமல் ஆயிரக்கணக்கான அநாதைக் குழந்தைகளை வளர்த்தவர் என்று உலகம் முழுவதும் அறியப்பட்டார்.

இப்போது நம் அன்பரின் தெருவுக்கு வருவோம். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை, வீலர் சாலை விரிவாக்கத்தை ஒட்டிய டகோஸ்டா லேஅவுட். அங்கேதான் அவர் சொன்ன சபையின் கூடம் இருக்கிறது. கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சென்டர் என்பது அதன் பெயர். சகரியா பூணன் என்ற அதன் நிறுவனர் 1939-இல் பிறந்தவர். கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பயின்று இந்தியக் கடற்படையில் அதிகாரியானவர். 1966-இல் அந்தப் பதவியை விட்டு விலகிச் சமயப் பணிக்கு வந்தார். 1975 ஆகஸ்டில் பெங்களூரில் அவருடைய வீட்டில் ஒரு சில குடும்பங்கள் கூடத் தொடங்கின. அதுவே தொடக்கம். கோபுரமும் இல்லை, மணியும் இல்லை, வெளிநாட்டுச் சங்கத்தின் பொறுப்பும் இல்லை.

சபையை நடத்தும் மூப்பர்கள் எவரும் சம்பளம் பெறுவதில்லை என்பது அங்கே விதி. ஒவ்வொருவரும் தம் பிழைப்பைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பூணனும் தம் நூல்களுக்கு உரிமைத்தொகை வாங்குவதில்லை. இதற்கு அவர்கள் காட்டும் முன்மாதிரி பவுல். கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியருடன் தங்கிக் கூடாரம் செய்யும் தொழிலில் உழைத்துக்கொண்டே அவர் போதித்தார். அந்தத் தம்பதியரின் வீட்டில் கூடிய சபையைப் பற்றியும் பவுலின் கடிதங்களில் குறிப்பு உண்டு. கிறிஸ்தவத்தின் முதல் தலைமுறைகளுக்குக் கோயில் என்பது யாரோ ஒருவரின் வீட்டுக் கூடந்தான். சிரியா நாட்டில் தூரா யூரோப்பஸ் என்ற இடத்தில் நடந்த அகழாய்வில், ஏறத்தாழ கி.பி. 240-ஐ ஒட்டிச் சபையாக மாற்றியமைக்கப்பட்ட ஒரு வீடு வெளிப்பட்டது. இடைச்சுவரை இடித்துக் கூடத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். கூட்டம் பெருகினால் எந்த வீட்டிலும் முதலில் செய்வது அதுதானே!

பெங்களூரில் தொடங்கிய அந்தச் சபை பிறகு கர்நாடகத்திலும் தமிழகத்துச் சிற்றூர்களிலும் வெளிநாடுகளிலும் கிளைத்தது. தமிழில் அவர்களுடைய நூல்கள் நிறைய வெளிவந்துள்ளன. இந்த முறையிலும் ஒரு சிக்கலை நான் காண்கிறேன். பகல் முழுவதும் கூலிவேலை செய்து களைத்துவரும் ஏழைக் கிராமத்து மூப்பருக்கு, படிக்கவும் தியானிக்கவும் நேரம் எங்கே? கல்வியும் தொழிலும் உடையவர்களுக்குச் சம்பளத்தைத் துறப்பது ஒரு மாதிரி. இல்லாதவனுக்கு அது வேறு மாதிரி. இந்தக் கேள்வியை நாம் அவர்களிடம் கேட்கலாம். அவர்களும் நம்மைப் பார்த்து வேறு சில கேள்விகள் கேட்கலாம்.

ஆனால் இதையெல்லாம் படித்தபின், நமது ஸத்சங்கம் கலைந்ததற்குக் காரணம் பணம் நின்றது அன்று என்று எனக்குத் தெளிவாயிற்று. பணம் வந்ததுதான் காரணம். ஒருவர் எல்லாவற்றையும் சுமந்தபோது மற்ற பத்தொன்பது பேரும் விருந்தாளிகளாகிவிட்டனர். விருந்தாளிக்குப் பந்தி முடிந்ததும் வேலை இல்லை. கிறிஸ்தியான்பேட்டையிலும், 1975-இன் அந்தக் கூடத்திலும் விருந்தாளிகள் இருக்க இடமில்லை. பாய் விரிப்பவன், பாடுபவன், வராதவனைத் தேடிப் போகிறவன், நோயாளியின் அருகில் இருப்பவன் என்று எல்லாரும் வீட்டாராக இருந்தே தீர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நிலையில் இருந்த நால்வரிடம்தான் நான் சந்தா வசூலிக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து மீண்டும் அந்த இல்லத்துக்குச் சென்றேன். வியாழக்கிழமை மாலை. ஒன்பது பேர் இருந்தார்கள். ஹார்மோனியம் உறையிட்டு மூலையில் இருந்தது. வாசிக்கத் தெரிந்தவர் இல்லை. ஒரு பள்ளி மாணவி கைத்தாளம் போட்டாள். சொற்பொழிவாளரும் இல்லை. முந்தைய வாரம் முடித்த பக்கத்திலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் படித்தார்கள்; தமிழ் எழுத்து தெரியாத ஒரு கன்னட அன்பர், படிக்கப்பட்டதன் கருத்தைத் தம் மொழியில் திருப்பிச் சொன்னார். விளக்குக்கு எண்ணெய் அன்று யாருடைய முறை என்பதில் இருவருக்கிடையே சிறு வழக்கு நடந்தது. இருவருமே கொண்டுவந்திருந்தார்கள்.

விடைபெறும்போது அன்பர் உள்ளே போய் ரசீதுப் புத்தகத்தை எடுத்துவந்தார். நூறு தாள்களில் ஒன்றுதான் கிழிக்கப்பட்டிருந்தது. அச்சகத்தாருக்குக் கொடுத்த தொகையைக் குறித்துவைக்கக் கிழித்ததாம். "இது இனி எங்களுக்கு வேண்டியிருக்காது போலிருக்கிறது, சுவாமி. தாங்கள் எழுதுவதற்காவது பயன்படட்டும்" என்றார். பெற்றுக்கொண்டேன். இந்த உரையின் முதல் வரைவை அந்தத் தாள்களின் பின்புறத்தில்தான் எழுதினேன்.